கெல் ட்ரகியரின் இடது காது

உனக்குப் பிடித்த பாட்டுக்காரர்கள் யார் என்று யார் கேட்டாலும் நான் மூன்று பெயர்தான் சொல்வேன். பெர்னீஸ் குவேட், ஆஸி லேலர், கெல் ட்ரகியர். மூன்று பேரும் இந்த யாரமிட் ஊர்க்காரர்கள். ரேடியோவில் ஓயாமல் வருகிற பெரிய பெயர்கள் என் பட்டியலில் இல்லை. அவர்கள் மோசம் என்று சொல்லவில்லை. நான் அவர்களுக்கு மிக்ஸிங் செய்ததில்லை, அவ்வளவுதான். ஒருவர் குரலை என் விரலால் ஏற்றி இறக்கிப் பார்க்காதவரை அவரை எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாது.

ப்ரூக், அந்த ரெக்கார்டரைக் கொஞ்சம் தள்ளி வை. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்தால் அதன் உறுமல்தான் பதிவாகும். போலீஸ் ஸ்டேஷனில் திரும்பப் போட்டுக் கேட்கும்போது தலையில் அடித்துக்கொள்வாய். அங்கே, பழக்கூடைக்கு முன்னால். இப்போது சரி. லாமிங்டன் கேக் எடுத்துக்கொள், காலையில்தான் செய்தேன். தேங்காய்த் துருவல் சீருடையில் கொட்டினால் தட்டிவிடலாம்.

பதிவுக்காகச் சொல்கிறேன். பெயர் நோலீன் ப்ரூவெட், வயது அறுபத்தொன்று. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். உன்னையும் உன் தம்பியையும்கூட ஏற்றி இறக்கியிருக்கிறேன். உன் தம்பி வாந்தி எடுக்காத வாரமே கிடையாது, அதைப் பதிவில் சேர்க்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் கமர்ஷியல் பப்பில் ஒலி பார்க்கிறேன். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிகிற கச்சேரி. முப்பது வருடத்தில் நான் போகாத ஞாயிறு இரண்டே இரண்டு. ஒன்று, அம்மா செத்த அன்று. இன்னொன்று, என் புருஷன் ரான் பல் டாக்டரிடம் வேலை பார்த்தவளோடு மில்டூராவுக்குக் குடிபோன அன்று. ரான் ஃப்ரிட்ஜை எடுத்துக்கொண்டான், சோபாவை எடுத்துக்கொண்டான், என் ஒலி மிக்ஸரைத் தொடவில்லை. அதனால் அவன்மேல் எனக்கு இன்றுவரை மனத்தாங்கல் கிடையாது. இப்போது உறுமுகிற இந்த ஃப்ரிட்ஜ் நானே வாங்கியது.

வாசலில் நின்று, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "ஏன் நோல் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாய். செய்தீர்களா என்று கேட்கவில்லை. சுற்றி வளைக்காத பெண் நீ. சொல்கிறேன். ஆனால் பெர்னீஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெர்னீஸ் குவேட் பாடும்போது பப்பில் மெல்லுகிற சத்தம் நின்றுவிடும். தொண்டையைத் திறக்கவே மாட்டாள். பக்கத்து ஆளிடம் ரகசியம் சொல்வதுபோலப் பாடுவாள். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகைகளில் சமைத்துப்போட்டவள் மகள். நாற்பது ஆண்களுக்கு ஆட்டுக்கறி பொரித்த அம்மாவின் கைகளைப் பற்றி ஒரு பாட்டு எழுதினாள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவாத ஆம்பிளை இந்த ஊரில் இல்லை; ஒரு வாரம் கழுவினார்கள். தொண்ணூற்றெட்டில் மெல்போர்ன் பாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். முடியை வெட்டினார்கள், பல்லைச் சரிசெய்தார்கள், தொண்டையைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து டிவியில் மெத்தை விளம்பரத்துக்குப் பாடினாள். மெத்தைமேல் படுத்துக்கொண்டே பாடினாள். ஒரு துக்கத்துக்கு ஊருக்கு வந்தபோது ஒரே ஒரு பாட்டுப் பாடு என்று கேட்டேன்.

"வேண்டாம் நோல். என் பாட்டே எனக்கு இப்ப வரமாட்டேங்குது," என்றாள்.

அன்றைக்குத்தான் இந்த ஊரைவிட்டுப் போனால் கெட்டுப்போகிறார்கள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆஸி லேலர் கிடார்க்காரன். விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கிக்கொண்டே போவான். அது அழுகிறதா சிரிக்கிறதா என்று உனக்குப் புரிவதற்குள் பாட்டு முடிந்துவிடும். அவனும் இரண்டாயிரத்து ஒன்பதில் சிட்னிக்குப் போவதாக இருந்தது. திங்கட்கிழமை புறப்பாடு. முந்தின நாள் வேனில் பெட்டிகளை ஏற்றும்போது கதவில் கை சிக்கி மூன்று விரல் நசுங்கியது. அந்த விவகாரத்தை அப்போதே விசாரித்து முடித்துவிட்டார்கள். விபத்து. கதவை மூடியது நான்தான். அவன் கை எங்கே இருந்தது என்று பார்க்கவில்லை என்று அப்போதிருந்த சார்ஜெண்டிடம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டு, கச்சேரி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆஸி இன்றும் இங்கேதான் இருக்கிறான். டயர் கடையில் வேலை, சனிக்கிழமை ஏரியில் மீன், மூன்று பேரப்பிள்ளைகள். என்னைப் பார்த்தால் கை ஆட்டுகிறான், மீதி விரல்களால். போன பெர்னீஸ் பாழாய்ப்போனாள், இருந்த ஆஸி சந்தோஷமாக இருக்கிறான். இதைப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நிதானமாக யோசிக்கிற யாரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

அப்புறம் கெல். கெல் ட்ரகியரை உனக்கு நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. ஆனாலும் ரெக்கார்டருக்குத் தெரியாதே. நாற்பத்து நாலு வயது, கோதுமை லாரி ஓட்டுகிறவன், ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. சட்டை இரண்டு வைத்திருந்தான், இரண்டும் ஒரே மாதிரி, அதனால் ஒன்றுதான் வைத்திருக்கிறான் என்று ஊர் நம்பியது. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பாடினான். பாட்டெல்லாம் அவனே எழுதியது. அறுவடைக் காலத்தில் எடைமேடைக்கு முன்னால் நாலு மணி நேரம் வரிசையில் நிற்கிற லாரிக்காரர்களைப் பற்றி ஒரு பாட்டு உண்டே, அது எனக்கு உயிர். முதல் அடியில் எல்லோரும் சிரிப்பார்கள், ஏனென்றால் யார் யாரைச் சொல்கிறான் என்று தெரியும். இரண்டாம் அடியிலும் சிரிப்பார்கள். மூன்றாம் அடியில் ஒரு லாரி மட்டும் நகராது. உள்ளே இருக்கிறவன் செத்துப்போயிருப்பான், பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். அப்போது எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்ப்பார்கள்.

பாட்டுக்குப் பாட்டு அவனும் டிரம்ஸ் அடிக்கிற பிக்கிளும் வாயடித்துக்கொண்டே இருப்பார்கள்.

"பிக்கிள், போன பாட்டுல நீ எங்கடா இருந்தே?"

"உனக்கு முன்னாடியே முடிச்சிட்டு ஒரு பீர் வாங்கப் போனேன்."

"எனக்கும் வாங்கினியா?"

"நீ வந்து சேர்றதுக்குள்ள குடிச்சிட்டேன்."

ஒவ்வொரு வாரமும் இதே ஜோக்தான். ஒவ்வொரு வாரமும் சிரித்தோம். யாரமிட்டில் கால்பந்து அணி ஜெயித்து ஆறு வருடம் ஆகிறது, மழை வந்தால் வரும் வராவிட்டால் வராது, ஆனால் ஞாயிறு இரண்டு மணிக்கு கெல் இருப்பான். அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் மீதி வாரத்தை ஓட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி வேலை விஷயம் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் உனக்குப் புரியாது. மேடையில் நிற்கிறவனுக்குத் தன் குரல் சரியாகக் கேட்காது. பெரிய ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன; சத்தமெல்லாம் முன்னால் போய்விடும். அதனால் அவன் காலடியில் ஒரு சாய்வுப் பெட்டியை, அவன் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைப்போம். மானிட்டர் என்போம். அதில் அவன் குரல் அவனுக்கே திரும்பி வரும். எவ்வளவு வரவேண்டும் என்பது என் கையில். போதவில்லை என்றால் பாட்டு நடுவிலேயே ஆள்காட்டி விரலால் தன் வாயைக் காட்டிவிட்டு மேலே தூக்குவான். என்னைக் கூட்டு என்று அர்த்தம்.

முப்பது வருடத்தில் ஒருவர்கூட விரலைக் கீழே காட்டியதில்லை. பாடுகிறவன் தன்னைக் கூட்டச் சொல்வான், கிடார்க்காரன் தன்னைக் கூட்டச் சொல்வான், ஊரே நடுங்குகிற மாதிரி அடிக்கிற பிக்கிளும் தன்னைக் கூட்டச் சொல்வான். எல்லோருக்கும் கேட்டதைக் கொடுத்தால் நாலு மணிக்குள் பப்பில் கிளாஸ் மிஞ்சாது. அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். என் மிக்ஸரில் கடைசிக் குமிழ் எதனோடும் இணைக்கப்படவில்லை. விரல் மேலே போனதும், அவன் பார்க்கிற மாதிரி, அதைத் திருப்புவேன். உடனே முகம் மலர்ந்து கட்டைவிரலைக் காட்டுவான். ஒரு சத்தமும் கூடியிருக்காது. கெல்லுக்குப் பதினோரு வருடம் அந்தச் செத்த குமிழைத்தான் திருப்பினேன். பதினோரு வருடம் அவன் காதைக் காப்பாற்றியவள் நான். அதற்கு யாரும் எனக்கு மாலை போடவில்லை.

பிப்ரவரியில் ஜூலியன் என்கிற மெல்போர்ன்காரர், பாட்டுக்காரர்களைத் தேடி வந்தார். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு இந்தப் புழுதிக்கு வந்தார் என்றால் பார்த்துக்கொள். கோழி பார்மா சாப்பிட்டார், எடைமேடைப் பாட்டு கேட்டார், மூன்றாம் அடியில் தன் வெள்ளை ஷூவைப் பார்த்தார். கச்சேரி முடிந்ததும் கெல் என்னிடம் ஓடி வந்தான். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"நோல், அமெரிக்கா போறேன். ஆகஸ்டுல. இங்கேருந்து பெரிய பாட்டுக் கோஷ்டி ஒண்ணு போகுதாம், அவங்க மேடையேறறதுக்கு முன்னாடி நான் பாடணுமாம். ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா?"

"சட்டுனு ஓடிடும். நீயும் வாயேன். எனக்கு சவுண்டு பார்க்க நீதான் வேணும்னு அந்தாள்கிட்ட சொல்லிட்டேன். சரின்னுட்டார்."

"நான் வந்துட்டா ஞாயித்துக்கிழமை இங்க யாரு பார்ப்பா?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நான் இல்லாத ஞாயித்துக்கிழமையைப் பார்க்கறதுக்கு என்ன இருக்கு?" என்றான்.

நியாயமான கேள்விதான். அதனால்தான் அவன் போகக்கூடாது என்றேன், மனதுக்குள். பெர்னீஸும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே போனாள். அவள் தொண்டையைக் கெடுத்த ஆட்கள் இவன் பாட்டில் லாரியை எடுத்துவிட்டு ஒரு பெண்ணைப் போடுவார்கள். செத்தவனை உயிரோடு எழுப்பி ஆட விடுவார்கள். அப்படி நடக்கவிடுவதா? நீயாக இருந்தால் விடுவாயா?

அடுத்த ஞாயிறு நான் செய்தது ஒன்றே ஒன்று. பொய் சொல்வதை நிறுத்தினேன். விரல் மேலே போனபோது உண்மையான குமிழைத் திருப்பினேன். கேட்டதைக் கொடுத்தேன்.

இறங்கி வந்ததும், "இன்னைக்கு என்ன பண்ணே நோல்? என் குரல் எனக்கே புதுசா இருக்கு," என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். மனிதன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் தெரியுமா. அந்த ஆறு மாதம் கெல்லுக்கு நல்ல காலம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

காது பழகிக்கொள்ளும். இந்த வாரம் போதுமாக இருப்பது அடுத்த வாரம் போதாது. மார்ச்சில் விரலை ஒரு தடவை தூக்கினான், ஏப்ரலில் மூன்று தடவை. என்னிடம் சத்தம் அளக்கிற மீட்டர் இருக்கிறது. கெல்லின் இடத்தில் அது நூற்றுப் பதினாலு டெசிபெல் காட்டியது. நூற்றுக்கு மேல் கால் மணி நேரம்கூட நிற்காதீர்கள் என்று அதன் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நான் படித்திருக்கிறேன்.

ஆனால் அவனிடம் காதடைப்பான்கள் இருந்தன. நானே பெண்டிகோவுக்குக் கூட்டிப்போய் அவன் காதின் அச்செடுத்துச் செய்து வாங்கிக்கொடுத்தவை. நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு வடிகட்டி. அதுதான் சத்தத்தைக் குறைத்து உள்ளே விடும். அது இருக்கிறவரை என் குமிழால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

நம் பப்பில் கச்சேரியின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவில் இறைச்சித் தட்டுக் குலுக்கல் நடக்கும் இல்லையா. சீட்டை எடுத்து எண்ணைப் படிக்கவேண்டியது பாடுகிறவன் வேலை. ஒரு தட்டு ஆட்டுக்கறிக்கும் சாசேஜுக்கும் அறுபது பேர் கத்துவார்கள். அது கேட்கவேண்டும் என்பதற்காக கெல் காதடைப்பான்களைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போவான். நான் மருந்துத் துணியால் துடைத்து வைப்பேன். பல வருடப் பழக்கம். மே மாதத்தில் ஒரு ஞாயிறு, எண் இருபத்து மூன்று யார், இருபத்து மூன்று யார் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தபோது, நான் புருவம் திருத்துகிற சாமணத்தால் இரண்டு வடிகட்டிகளையும் பிடுங்கி எடுத்தேன். சாமணம் என் கைப்பையில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள். இருபத்து மூன்று நான்தான். தட்டை வாங்கிக்கொண்டேன்.

"இந்தச் சனியன் புடிச்சது இன்னைக்குத்தான் ஒழுங்கா வேலை செய்யுது. எல்லாம் பளிச்சுனு கேக்குது," என்றான் கெல், அவற்றை மாட்டிக்கொண்டு பாடிவிட்டு.

சுத்தம் பண்ணினேன் என்றேன். அது உண்மைதான்.

ஜூனில் காதுக்குள் ஙொய்ங் என்கிறது என்றான். திங்கட்கிழமையெல்லாம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமையும் இருக்கிறது என்றான். தானியப் புழுதி உள்ளே போயிருக்கும், லாரிக்காரர்கள் எல்லோருக்கும் வருவதுதான் என்றேன். அவன் நம்பினான். காது விஷயத்தில் என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான்? ஆனாலும் பிக்கிள் சொன்னான் என்று ஹார்ஷாமில் காதைச் சோதிக்க நேரம் வாங்கியிருந்தான். அதை நான் போன் செய்து ரத்து செய்தேன். அக்கா பேசுகிறேன், தம்பிக்கு அறுவடை வேலை என்றேன். ஜூனில் என்ன அறுவடை? அந்தப் பெண் கேட்கவில்லை. அவர்கள் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன்.

இவ்வளவும் செய்தும் அவன் புதுப் பயணப் பெட்டி வாங்கினான். நீல நிறத்தில், சக்கரம் வைத்தது. பப்பில் அதை உருட்டிக் காட்டினான். பிக்கிள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "என்னையும் மடிச்சு வெச்சுக்கோடா," என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெல்லின் பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசினான், அவ்வளவுதான். புறப்பட மூன்று வாரம் இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது, ப்ரூக். மறைக்காமல் சொல்கிறேன். அந்த மேடையில் அவன் இல்லாமல் ஒரு ஞாயிற்றை நினைத்துப் பார்த்தேன்.

ஜூலை கடைசி ஞாயிறு, கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மைக்கைக் கையில் பிடித்திருந்தான். காதடைப்பான் இன்னும் போடவில்லை. கிடார் மீட்டுகிற சின்ன பிளாஸ்டிக் வில்லை கைநழுவி மானிட்டருக்கு அடியில் போய்விட்டது. மண்டிபோட்டுக் குனிந்து, கையை அடியில் விட்டுத் தேடினான். இடது காது பெட்டியின் வாயோடு ஒட்டியிருந்தது. மைக்கும் அங்கேயே இருந்தது. மைக்கும் பெட்டியும் முகத்தோடு முகம் வைத்தால் கீச்சிடும் என்று உனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அதைத் தடுக்கத்தான் நான் இருக்கிறேன். நான் குமிழை அதன் கடைசி வரைக்கும் திருப்பினேன். மூன்று விநாடி. மனதுக்குள் எண்ணினேன், பேருந்துக் கதவை மூடுமுன் பிள்ளைகளை எண்ணுவதுபோல.

பாரில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாரா வாரம் ஒரு தடவை கீச்சிடுவதுதானே. "தூங்கிட்டியா நோல்?" என்று யாரோ கத்தினார்கள். ஒயர் கோளாறு என்றேன். கெல் சிரிக்கவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து, நாலு மணி நேரமும் பாடினான். நல்ல கச்சேரி அது. எடைமேடைப் பாட்டில் இரண்டு இடத்தில் சுருதி நழுவியது, எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அன்று அவன் விரலைத் தூக்கினானா என்று கேட்கிறாய்.

இல்லை. அன்று தூக்கவில்லை. அன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

மீதி உனக்கே தெரியும். மெல்போர்னில் ஒத்திகையின்போது அங்கே ஒலி பார்த்த இமோஜென் என்கிற பெண், இவ்வளவு வைத்தும் உனக்குக் கேட்கவில்லையா என்று பயந்து நிறுத்திவிட்டாள். நல்ல வேலைக்காரி போலிருக்கிறது. நேராக டாக்டரிடம் அனுப்பினாள். இடது காது அடியோடு போய்விட்டது, வலது காதில் பாதி இருக்கிறது. ஜூலியன் வருத்தப்பட்டார். வேறு ஒரு ஆளை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார். காதடைப்பான்களைப் பார்த்த பெண்டிகோக்காரர்கள், இதில் வடிகட்டியை யார் பிடுங்கியது என்று கேட்டிருக்கிறார்கள்.

கெல் இங்கே வந்தான். நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலிதான். அந்த இரண்டு காதடைப்பான்களையும் மேசைமேல் வைத்தான்.

"இதைத் தொடுறது நீ ஒருத்திதான், நோல். ஏன்?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. அவனுக்குக் கோபம் வராது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெர்னீஸ், மெத்தை, ஆஸி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். இப்போது உனக்குச் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன். சொல்லும்போது டீக்காகக் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன், முதுகு அவன் பக்கம் இருந்தது. குழாயும் திறந்திருந்தது. திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. எவ்வளவு தூரம் அவனுக்குக் கேட்டது என்று தெரியவில்லை. ஒன்றுமே கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் புரிந்துகொண்டிருப்பான்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். அமெரிக்கா போகமுடியாதவன் யாரமிட்டில் இருப்பான் என்று நினைத்தேன், ஆஸி இருந்தானே. கெல் இருக்கவில்லை. மெல்போர்ன் போய்க் கப்பலேறி, லான்செஸ்டனில் அக்கா வீட்டுக்குப் போவதாக பிக்கிளிடம் சொல்லியிருக்கிறான். பாட முடியாதவனுக்கு அந்தப் பப் வாசலைத் தினமும் தாண்டிப்போக முடியவில்லையாம். அதெல்லாம் கொஞ்ச நாள். மேடையை நான் கலைக்கவில்லை. மைக் அவன் உயரத்துக்கே இருக்கிறது. ஒரு காதில் பாதி போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

இன்று காலை பஸ் நிறுத்தத்தில் நீயும் இருந்தாய், அதனால் இதில் நான் கூட்டிச் சொல்ல வழியில்லை. அந்த நீலப் பெட்டியை நீதான் உருட்டிக்கொண்டு வந்தாய். அவன் வலப்பக்கம் நின்று என்னவோ மெதுவாகச் சொன்னாய், அவன் சிரித்தான். பிக்கிளின் நாய் குரைத்தது. குனிந்து அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டான். மெல்போர்ன் போறவங்க ஏறுங்க என்று டிரைவர் உள்ளேயிருந்தபடியே சொன்னார். சரி என்று கை காட்டினான். அப்போதுதான் நான் கூப்பிட்டேன். பக்கத்தில்தான் நின்றேன், பத்தடி இருக்கும், அதுவும் அவன் வலப்பக்கம். கெல் என்று மூன்று முறை கூப்பிட்டேன். நீ திரும்பினாய். பிக்கிள் திரும்பினான். நாய்கூடத் திரும்பியது. கெல் படியேறி, உள்ளே போய், அந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் அறிக்கையை பிக்கிள் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். இந்த மாதிரிக் காதில் பெண் குரல்தான் முதலில் போகுமாம். அதனால்தான் என் குரல் அவன் காதில் விழவில்லை.